கிராபிக்ஸ் கார்டில் வாட்டர் பிளாக்: எது தொட வேண்டும், எது தொடக் கூடாது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணப் படங்கள் செய்கிறான். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதை இறுதிப் படமாக்குவதை ரெண்டர் என்பார்கள். மே மாதத்தில் ஒரு மதியம் போன் செய்தான். "மாமா, ரெண்டு மணி நேரமா ரெண்டர் ஓடுது. கார்டு ஃபேன் சத்தத்துல பக்கத்து ரூம்ல அம்மா டிவி பார்க்க முடியல. தண்ணி கூலிங் போட்டுடலாமா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அன்று அவனுக்குச் சொன்னதையும் அவன் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்து ரேம் மாற்றிய அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும், இதைப் புரிந்துகொள்ளலாம்.

அவன் முதலில் கேட்டது இதுதான்: "கரண்ட் ஓடுற இடத்துக்குப் பக்கத்துல தண்ணிய விடுறோமே மாமா?" நியாயமான பயம். இந்த வேலை முழுவதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கார்டில் இருக்கும் சூடான சிப்கள் எல்லாம் அவற்றின் மேல் மாட்டும் வாட்டர் பிளாக்கை நன்றாகத் தொட வேண்டும். பிளாக்குக்குள் ஓடும் தண்ணீர் கார்டைத் தொடவே கூடாது. செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்துவிட்டால் கை நடுங்காது.

வாட்டர் பிளாக் என்பது ஒரு செம்புக் கட்டி. பெரும்பாலும் மேலே நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். சிப் மீது உட்காரும் இடத்தில், செம்பின் உள்பக்கம் மயிரிழை போன்ற வாய்க்கால்களை வெட்டியிருப்பார்கள். சிப்பின் சூடு செம்புக்கு ஏறும், செம்பிலிருந்து வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கு ஏறும். பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஃபேன்கள் சூட்டை அறைக் காற்றில் கலந்துவிடும். ஆறிய தண்ணீர் மறுபடி பிளாக்குக்கு வரும். ஆக, சூடு கடைசியில் அறைக்குள்தான் வந்து சேர்கிறது. "தண்ணி கூலிங் போட்டா ரூம் குளுகுளுன்னு இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்டு 320 வாட் இழுத்தால், அறைக்கு 320 வாட் சூடு வரத்தான் செய்யும்.

பிறகு ஏன் தண்ணீர்? ஒரே கன அளவு காற்றையும் தண்ணீரையும் ஒரு டிகிரி சூடேற்ற வேண்டுமானால், தண்ணீருக்குச் சுமார் 3,400 மடங்கு கூடுதல் வெப்பம் தேவை. அத்தனை வெப்பத்தைச் சுமந்து போகும் என்று அர்த்தம். அவனுடைய கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. அதற்கு நிர்ணயித்த மின்சக்தி 320 வாட். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பிளாக் வழியாக ஓடினால், உள்ளே நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் வெறும் நாலரை டிகிரிதான். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

வாங்குவதற்கு முன்னால்

பையன் அவசரக்காரன். நான் போவதற்குள் ஒரு பிளாக் வாங்கி வைத்திருந்தான். பெட்டியில் "3080" என்று போட்டிருந்தது, விற்றவரும் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறார். கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கார்டில் இருந்த உயரமான கெப்பாசிட்டர் ஒன்று பிளாக்கின் செம்பில் இடித்தது. அப்படியே ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் கெப்பாசிட்டர் உடைந்திருக்கும், இல்லையென்றால் கார்டின் சர்க்யூட் பலகை வளைந்திருக்கும். நல்லவேளை, திருப்பி அனுப்ப முடிந்தது.

காரணம் இதுதான். "3080" என்பது கார்டு வகையின் பெயர். அதற்கான சிப்பை வாங்கி ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி பலகையை வடிவமைக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில்கூட, பின்னால் வந்த தயாரிப்பில் பலகை மாறியிருக்கலாம். அதனால் கார்டின் முழு மாடல் பெயரையும், பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரையும் குறித்துக்கொண்டு, பிளாக் தயாரிப்பாளர் தரும் பொருத்தப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். வாரன்டியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கார்டோடு வந்த ஃபேன் கூலரைக் கழற்றினாலே வாரன்டி போய்விடும் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன, சில அப்படிச் சொல்வதில்லை.

இன்னொன்று, பிளாக் செம்பாக இருந்தால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். விலை குறைவாக இருக்கிறது என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கிச் சேர்த்தால், இரண்டு உலோகங்களும் நடுவில் தண்ணீரும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். அலுமினியம் மெல்ல அரித்துப்போகும், அந்தத் தூள் பிளாக்கின் மயிரிழை வாய்க்காலை அடைக்கும்.

ரேடியேட்டர் அளவுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. ஃபேன் இடம். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு மேல் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 320 வாட்டுக்கு மூன்று ஃபேன் போதும் என்று மற்றவர்கள் சொன்னால், கடலூரிலும் புதுச்சேரியிலும் நான்காக வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுவது

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் சப்ளையின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் கேஸின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். நைலான் விரிப்பிலோ மெத்தையிலோ வைத்து வேலை செய்ய வேண்டாம். மரமேஜை நல்லது. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வேன். மே மாதத்தில் நம் கை வியர்க்காமல் இருக்குமா? அந்த உப்பு பலகையில் படக் கூடாது, பிளாக்கின் செம்பு முகத்திலும் படக் கூடாது.

ஒரு வெள்ளைத் தாளில் கார்டின் பின்பக்கத்தை வரைந்துகொள்ளுங்கள். எந்த ஸ்க்ரூவை எங்கிருந்து எடுத்தீர்களோ, அதை அதே இடத்தில் தாளில் செருகி வையுங்கள். நீளம் ஒன்று போலத் தோன்றும், இருக்காது. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான இடத்தில் போட்டு முறுக்கினால் பலகையைத் துளைக்கும்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகும் கூலர் வராது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் பலர் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்புகிறார்கள். வேண்டாம். கழற்றத் தொடங்குவதற்கு முன்பே பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிக் கார்டைச் சூடாக்கி வைத்திருந்தால் பேஸ்ட் இளகியிருக்கும். கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகினால் விட்டுக்கொடுக்கும். விட்டவுடன் தூக்கிவிடாதீர்கள். ஃபேன் வயரும் லைட் வயரும் இன்னும் கார்டில் மாட்டியிருக்கும். புத்தகத்தைத் திறப்பதுபோல ஒரு பக்கம் மட்டும் திறந்து, வயரைப் பிடித்து இழுக்காமல், வெள்ளைப் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் பலகையில் இருக்கும் சாக்கெட்டே கையோடு வந்துவிடும்.

இப்போது நடுவில் கண்ணாடி மாதிரி மின்னும் சதுரம் தெரியும். அதுதான் கிராபிக்ஸ் சிப். பிராசஸருக்கு இருப்பதுபோல இதற்கு உலோக மூடி கிடையாது. திறந்த சிலிக்கான். ஓரத்தில் ஒரு தட்டு பட்டாலே விண்டுபோகும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் பழைய பேஸ்ட்டைத் துடையுங்கள். சுற்றி இருக்கும் கடுகளவு பாகங்களைச் சுரண்ட வேண்டாம்.

தொட வேண்டியது

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சூடாவது சிப் மட்டும் இல்லை. சிப்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் மெமரி சிப்களும் சூடாகும். மின்சாரத்தைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் மாஸ்ஃபெட் என்ற சின்னக் கறுப்புச் சதுரங்களும் சூடாகும். இவை எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. சிப் ஒரு உயரம், மெமரி ஒரு உயரம், மாஸ்ஃபெட் இன்னொரு உயரம். ஆனால் பிளாக் ஒரே கட்டி. அது அத்தனையையும் ஒரே நேரத்தில் எப்படித் தொடும்?

இரண்டு வித நிரப்புப்பொருள் வைத்துத்தான். சிப்புக்கும் செம்புக்கும் நடுவே பேஸ்ட். இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும், அவற்றில் காற்று நிற்கும், காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. பெயின்ட் அடிக்கும் முன் சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல, அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பேஸ்ட். தடித்துப் பூசினால் பயன் குறையும். மூடி இல்லாத சிப் என்பதால் மூலை வரைக்கும் பேஸ்ட் போக வேண்டும். பிளாஸ்டிக் தகட்டால் மெல்லிசாகப் பரப்பிவிடுவது எனக்குப் பிடித்த வழி. லிக்விட் மெட்டல் என்று ஒன்று கிடைக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், சிந்தினால் கார்டு போய்விடும். முதல் முறை செய்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மெமரிக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் மெத்து மெத்தென்ற தெர்மல் பேடு. 0.5 மி.மீ., 1 மி.மீ., 1.5 மி.மீ. என்று கனம் மாறும். எந்த இடத்துக்கு எந்தக் கனம் என்று பிளாக்கின் கையேட்டில் படம் போட்டிருக்கும். அதை மீறாதீர்கள். "கொஞ்சம் கனமா வெச்சா இன்னும் நல்லா அழுந்துமே மாமா" என்றான் பையன். நாலு கால் ஸ்டூலில் மூன்று கால்களுக்கு அடியில் அட்டை வைத்தால் நாலாவது கால் தரையைத் தொடுமா? அப்படித்தான் இதுவும். மெமரி மேல் அரை மில்லிமீட்டர் கூடினால் பிளாக் தூக்கிக்கொள்ளும், நடுவில் இருக்கும் சிப்புக்குச் செம்பு எட்டாது. கனம் குறைந்தால் மெமரிக்கு எட்டாது. சிப் 55 டிகிரியில் சந்தோஷமாக ஓடும், மெமரி மட்டும் கருகிக்கொண்டிருக்கும். 3080-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி இயல்பிலேயே சூடு அதிகம் கக்கும் வகை. 110 டிகிரியை எட்டினால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே வரிசையின் 3090-இல் பாதி மெமரி சிப்கள் பலகையின் முதுகுப்பக்கம் இருக்கின்றன. அங்கே முன்பக்க பிளாக் மட்டும் போதாது, பின்தகட்டுக்கும் பேடு வைத்தாக வேண்டும்.

பேடின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நான் என் கார்டுக்கு முதல்முறை செய்தபோது ஒரு பக்கத் தாளை உரித்துவிட்டு, மறுபக்கத்தை மறந்துவிட்டேன். தண்ணீர் நிரப்பி எல்லாம் முடித்த பிறகுதான் மெமரி சூடு இறங்கவில்லை என்று தெரிந்தது. மொத்தத் தண்ணீரையும் வடித்து, மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து உரித்த தாள்களை எண்ணி வைக்கிறேன். எட்டுத் துண்டுப் பேடு என்றால் மேஜை மேல் பதினாறு தாள் இருக்க வேண்டும்.

பிளாக்கைச் செம்பு முகம் மேலே பார்க்கும்படி மேஜையில் வைத்து, கார்டை அதன் மேல் நேராக இறக்குவது எனக்கு வசதி. உங்கள் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள். ஒரு பக்கம் சாய்த்து இறக்கினால் சிப்பின் ஓரம் விண்டுபோகும். சிப்பைச் சுற்றி உள்ள நான்கு ஸ்க்ரூக்களையும் முதலில் பாதி வரை மட்டும் போடுங்கள். அப்புறம் ஒன்றுக்கொன்று எதிர்மூலையாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். கார் டயர் மாட்டும் மெக்கானிக் நட்டை இப்படித்தான் போடுவார். ஸ்க்ரூ நின்றவுடன் நிறுத்திவிடுங்கள்.

இறுக்கிய பிறகு ஒரு முறை மறுபடி கழற்றிப் பாருங்கள். இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது, ஆனால் செய்யுங்கள். சிப்பில் பேஸ்ட் முழுச் சதுரமாகப் பரவியிருக்கிறதா, ஒவ்வொரு பேடிலும் சிப்பின் அச்சு பதிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். அச்சு விழாத பேடு என்றால் அங்கே தொடவில்லை என்று பொருள். சரியாக இருந்தால், பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் போட்டு, இறுதியாக மாட்டுங்கள். அரை மணி நேரம் கூடுதல் வேலைதான், தண்ணீர் நிரப்பிய பிறகு கழற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

தொடக் கூடாதது

தண்ணீர் கசியாமல் காப்பது, டியூபைப் பிளாக்கோடு இணைக்கும் ஃபிட்டிங்கில் இருக்கும் சின்னக் கறுப்பு ரப்பர் வளையம். குக்கர் கேஸ்கட் செய்யும் அதே வேலைதான். கேஸ்கட் நசுங்கி உட்கார்ந்தால் ஆவி வெளியே வராது. அதனால் மாட்டும் முன் ஒவ்வொரு வளையமும் பிசிறில்லாமல், பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால், பிளாக்கின் அக்ரிலிக் மேல்மூடியில் மரையைச் சுற்றி விரிசல் விழும்.

நம் வீட்டுக் குழாய்க்குப் பிளம்பர் டெஃப்லான் டேப் சுற்றுவார் இல்லையா, இங்கே அது வேண்டாம். வீட்டுக் குழாயில் மரையே தண்ணீரைத் தடுக்கிறது. இந்த ஃபிட்டிங்குகளின் ஜி 1/4 மரை நேர் மரை, பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. டேப் சுற்றினால் வளையம் சரியாக அழுந்தாமல் போகும், டேப்பின் நூல் உள்ளே போய் வாய்க்காலையும் அடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் போர் தண்ணீரின் உப்பு எப்படி என்று குளியலறைக் குழாயின் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். அதை ஊற்றவே கூடாது. கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் குடிக்க நல்லது, ஆனால் அவற்றிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் சரி, ஆனால் அதை மட்டும் ஊற்றினால் நாளாவட்டத்தில் பாசி பிடிக்கும். பாசிக்கும் அரிப்புக்கும் மருந்து கலந்து வரும் ரெடிமேட் கூலன்ட்டை வாங்கிவிடுங்கள். "டிஸ்டில்டு வாட்டர் கரண்டைக் கடத்தாது, கசிந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்வார்கள். பாட்டிலில் இருக்கும்போது பெரும்பாலும் உண்மைதான். லூப்பில், அதாவது பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் டியூபால் சேர்ந்த சுற்றில், சில நாள் சுற்றி உலோகத்தைத் தொட்ட பிறகு அது சுத்தமான தண்ணீர் இல்லை. பலகையில் இருக்கும் தூசியோடு சேர்ந்தால் நன்றாகவே கடத்தும்.

கசிவைச் சோதிக்க இரண்டு வழி. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பார்கள். நாம் காற்றை அடித்துத் தண்ணீர் கசியப்போகும் இடத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம். அளவுமுள் வைத்த சின்னக் கைப்பம்ப் இதற்கென்றே கிடைக்கிறது. காலி லூப்பில் சுமார் 0.5 பார் வரை அடித்துவிட்டு அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். இறங்காவிட்டால் நல்லது. சைக்கிள் பம்பை வைத்து அடித்துவிடாதீர்கள். அழுத்தம் எகிறி, தண்ணீர் நிரப்பும் தொட்டியான ரிசர்வாயர் வெடித்துவிடும்.

இரண்டாவது வழி, தண்ணீர் நிரப்பி, பம்பை மட்டும் ஓட்டுவது. மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் எல்லா பவர் வயர்களையும் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் தலையில் அதற்கென்று விற்கும் ஜம்பர் பிளக்கைச் செருகினால் பம்ப் தனியாக ஓடும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து, முடிந்தால் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பரில் வட்டமாகத் தெரியும். பம்ப் எப்போதும் வறண்டு ஓடக் கூடாது. ரிசர்வாயரில் தண்ணீர் இறங்க இறங்க நிறுத்தி, நிரப்பி, கேஸைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள்.

அப்படியே ஒரு நாள் கசிந்துவிட்டால்? முதலில் சுவரில் ஸ்விட்சை அணையுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். நனைந்த கார்டைக் கழற்றி, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் கழுவித் துடைத்து, இரண்டு நாள் நன்றாக உலரவிட்டுத்தான் மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாத கார்டு நனைவது பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய விஷயம்.

அக்கா ஒரு கேள்வி கேட்டது, நல்ல கேள்வி: "ஐஸ் வாட்டர் ஊத்தின சொம்பு வெளிய வியர்க்குதே தம்பி, இந்த டியூபும் அப்படி வியர்த்துச் சொட்டாதா?" சொம்பு வியர்ப்பது, அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால். மே மாதம் அறை 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 28 டிகிரிக்குக் கீழே இருக்கும் பொருள் மேல்தான் காற்றின் ஈரம் படியும். லூப்பில் இருக்கும் தண்ணீர் அறைக் காற்றில்தான் ஆறுகிறது, அதனால் அறையைவிடக் குளிரவே முடியாது. கார்டு ஓடும்போது சில டிகிரி சூடாகவே இருக்கும். ஆகவே வியர்க்காது. யாராவது ரிசர்வாயரில் ஐஸ் போட்டால் வியர்க்கும், அதைச் செய்யவே கூடாது. இன்னொரு சூழ்நிலையும் உண்டு. இரவு முழுக்க ஏசியில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் 24 டிகிரியில் இருக்கும். காலையில் சன்னலைத் திறந்து கடற்காற்றை உள்ளே விட்டால், ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல ஆகலாம். அந்த மாதிரி நேரத்தில் ஒரு மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள்.

முத்தியால்பேட்டையில் எல்லாம் முடிந்து ரெண்டரைத் தட்டியபோது மாலை ஏழு மணி. அறை 33 டிகிரி. அரை மணி நேரத்தில் சிப் 56 டிகிரியில் நின்றது. அதற்கு முன் 81. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் "ஹாட் ஸ்பாட்" என்று இன்னொரு எண் இருக்கும். சிப்பிலேயே அதிகச் சூடான புள்ளி அது. சிப் சூட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் 10 முதல் 15 டிகிரிக்குள் இருந்தால் பிளாக் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. 25-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு மூலை தொடவில்லை. அவனுக்கு 11 வந்தது. மெமரி சூட்டையும் தனியாகப் பார்த்தோம், 72.

தண்ணீரின் சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பல பம்புகளின் எல்லை அதுதான். வருடத்துக்கு ஒரு முறை கூலன்ட் மாற்ற வேண்டும். கிளம்பும்போது பழைய கூலரைப் பையன் குப்பைக்கு எடுத்துப் போனான். வாங்கி வைத்தேன். அதன் ஸ்க்ரூக்களை வரைந்த தாளோடு ஒரு கவரில் போட்டு, கார்டு வந்த பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டோம். நாளைக்குக் கார்டை விற்பதானாலும், பம்ப் பழுதாகி ஒரு வாரம் சமாளிப்பதானாலும் அது வேண்டும்.